ஒற்றை எண்ணுக்கு எல்லை போட்ட கதை

தேயிலைத் தொழிற்சாலையில் டிரையரின் வாயிலிருந்து விழும் தூளில் ஏறத்தாழ 3 சதவீத ஈரம் இருந்தால் நல்லது. கூடினால் பெட்டியில் கிடக்கும்போது கெடும். குறைந்தால் கருகல் வாடை ஏறி மணம் போகும். ஆகவே ஓட்டத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடித் தூள் எடுத்து ஈரம் பார்த்துக் கொப்பியில் எழுதுவார்கள். ஓர் ஓட்டத்துக்கு ஓர் எண். நேற்று 3.0, இன்று 3.4. கொப்பியைப் புரட்டும் டீமேக்கருக்குக் கேள்வி பிறந்துவிடும்: "ஏம்ப்பா, நேத்து மூணுதானே, இன்னைக்கு ஏன் கூடிருச்சு?"

டிரையர்காரர் என்ன சொல்வார்? "வெறகு ஈரமுங்க ஐயா." விறகு ஈரமாக இருந்திருக்கலாம். நேற்றும் அதே ஈரம் இருந்திருக்கலாம். கேள்வி வந்துவிட்டதால் பதில் ஒன்று வேண்டும். பதில் கிடைத்ததும் அடுப்பில் நெருப்பைக் கூட்டுவார்கள். நாளைக்கு 2.6 வரும். மறுபடியும் கேள்வி, மறுபடியும் ஒரு காரணம்.

இந்தக் கேள்வியை எந்த நாளில் கேட்க வேண்டும், எந்த நாளில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று பிரித்துச் சொல்ல ஒரு வரைபு இருக்கிறது. ஒரு நேரத்தில் ஓர் எண் மட்டுமே கிடைக்கிற இடங்களுக்கென்றே உண்டானது. அது பிறந்த ஊர் கண்டியல்ல. ஆனால் ஹந்தானையிலிருந்து ஹேவாஹெட்ட வரை, தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை என்று மலைக்கு ஒரு தொழிற்சாலை புகை விட்ட இந்தப் பக்கத்தில் நின்று பார்த்தால், அது எதற்காகப் பிறந்தது என்பது சட்டென்று விளங்கும்.

கண்டி நகருக்கு மேலே ஹந்தானையில் இன்று அருங்காட்சியகமாக நிற்கும் நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலை 1925-ல் எழுந்தது. தேயிலை ஆராய்ச்சி நிலையமும் அதே ஆண்டில்தான் சட்டப்படி உருவானது. அதற்கு ஓராண்டு முன்னர், 1924 மே 16-ம் திகதி, அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பனியின் பரிசோதனைப் பிரிவில் இருந்த வோல்ட்டர் ஷூஹார்ட் தன் மேலாளர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பொன்றை அனுப்பினார். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரு படம். நடுவே ஒரு கோடு, மேலும் கீழும் இரண்டு எல்லைக்கோடுகள், இடையே காலவரிசையில் புள்ளிகள். தரக் கட்டுப்பாட்டு வரைபு என்று இன்று உலகம் முழுவதும் சொல்வது இந்தப் படத்தைத்தான்.

ஷூஹார்ட் பௌதிகவியல் படித்தவர். அவருடைய கம்பனி சிக்காகோவுக்குப் பக்கத்தில் ஹோதோர்ன் என்ற இடத்தில் தொலைபேசிக் கருவிகள் செய்தது. நிலத்துக்கடியில் புதைக்கும் கருவி பழுதானால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். எனவே எல்லாம் ஒரே சீராக வரவேண்டும் என்று பாடுபட்டார்கள். ஆனால் ஒவ்வொரு சிறு வேறுபாட்டுக்கும் இயந்திரத்தைத் திருகத் திருக, சீர் இன்னும் குலைந்தது. நம் டிரையர்காரரின் நெருப்புக் கதைதான் அங்கேயும்.

ஷூஹார்ட் கண்டது இவ்வளவுதான். எந்த வேலையிலும் ஓயாமல் இருந்துகொண்டேயிருக்கும் சின்னஞ்சிறு காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தனியே பிடித்து இதனால்தான் என்று சொல்ல முடியாது. அவற்றுக்கு மேல் எப்போதாவது வெளியிலிருந்து வந்து சேரும் காரணம் ஒன்று உண்டு. அதைத் தேடினால் அகப்படும். முதல் வகையால் எண்கள் எவ்வளவு தூரம் ஆடும் என்று கணக்கிட்டு எல்லை போட்டுவிட்டால், எல்லைக்குள் நிற்கும் எண்ணுக்குக் காரணம் தேடுவது வீண் வேலை. எல்லையைத் தாண்டியதற்குத் தேடாமல் விடுவது பிழை. 1931-ல் வந்த அவருடைய பெரிய புத்தகம் இதைத்தான் விரித்துச் சொன்னது.

எல்லையை எங்கே போடுவது? இடையிலிருந்து, அதாவது சராசரியிலிருந்து, மூன்று நியம விலகல் தள்ளிப் போடு என்றார். மூன்று என்பது வேதவாக்கு அல்ல, செலவுக் கணக்கு. மிக நெருக்கிப் போட்டால் ஒன்றுமில்லாததற்கு ஓட வேண்டும், மிக அகலப் போட்டால் உண்மையான கோளாறு தப்பிவிடும். செவ்வன் பரம்பலில் மூன்று என்று வைத்தால் ஏறத்தாழ 370 புள்ளிக்கு ஒருமுறைதான் பொய் எச்சரிக்கை வரும். அது சகிக்கக்கூடியது.

தன் எண்ணத்தைச் சோதிக்க அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கிண்ணத்தில் எண் எழுதிய 998 வில்லைகளைப் போட்டார். ஒன்றை எடுப்பது, குறிப்பது, திரும்பப் போட்டுக் கலக்குவது. இப்படியே 4000 தடவை. கணனி இல்லாத காலத்தில் தற்செயல் என்பது எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க அதைவிட நேர்மையான வழி இல்லை. எடுத்தவற்றை நான்கு நான்காகக் கட்டினார். புத்தகத்தில் அவர் காட்டும் மின்காப்புத் தடை அளவீடுகளும் 204. அதாவது நான்கு கொண்ட 51 கூட்டங்கள்.

இந்த நான்குக்கு ஒரு நியாயம் இருந்தது. தொலைபேசி உறுப்புகள் ஆயிரக்கணக்கில் வந்து விழும் இடத்தில், ஒரே நேரத்தில் நான்கை எடுத்து அளப்பது சுலபம். நான்கும் தங்களுக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே அந்த வேலையின் இயல்பான ஆட்டத்தைக் காட்டிவிடும். அதை வைத்து எல்லை போட்டு, கூட்டங்களின் சராசரியைக் குறித்துக்கொண்டு போகலாம்.

டிரையருக்கு இது பொருந்தாது. ஒரு நிமிடத்துக்குள் அதன் வாயிலிருந்து நான்கு கைப்பிடி எடுத்தால் நான்கிலும் கிட்டத்தட்ட ஒரே ஈரந்தான் இருக்கும். ஒரே கொழுந்து, ஒரே சூடு, ஒரே காற்று. அவற்றுக்குள் தெரியும் சிறு வேறுபாடு அளக்கும் கருவியின் தடுமாற்றம் மட்டுமே. அதை வைத்து எல்லை போட்டால் எல்லை மயிரிழையாகிவிடும். ஓட்டத்துக்கு ஓட்டம் இயல்பாக வரும் மாற்றமெல்லாம் எல்லைக்கு வெளியே நிற்கும், எல்லா நாளும் ஆபத்து நாளாகும். வேறு சில இடங்களில் நான்கு எண் கிடைக்கவே கிடைக்காது. 100 கிலோ பச்சைக் கொழுந்துக்கு 21, 22 கிலோ தூள் வரும் என்று தொழிற்சாலையில் பார்க்கும் விகிதம் இருக்கிறதே, அது ஒரு நாளைக்கு ஒன்றுதான். ஈரத்தை நியம முறைப்படி 103 பாகைச் சூட்டில் எடை நிலைக்கும்வரை காயவைத்துப் பார்த்தால் ஓர் எண்ணுக்கே மணிக்கணக்காகும். மாதச் செலவு, மழை, மின்கட்டணம் எல்லாம் இந்த இனந்தான்.

ஒற்றை எண்களை வைத்துக்கொண்டு ஆட்டத்தை அளப்பது எப்படி? உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த யாரும் உடனே சொல்வார்கள்: எல்லா எண்ணையும் சேர்த்து நியம விலகல் எடு, மூன்றால் பெருக்கு. பொறி இருப்பது அங்கேதான். அந்த எண்களுக்கு நடுவிலேயே கோளாறு நடந்திருந்தால், அதுவும் சேர்ந்து நியம விலகலை ஊதிவிடும். ஊதிய எல்லைக்குள் கோளாறு வசதியாக ஒளிந்துகொள்ளும். திருடனையும் சேர்த்துக் கூட்டி ஊர்ச் சராசரி எடுப்பது மாதிரி.

இதற்கான விடை யுத்தத்திலிருந்து வந்தது. 1941-ல் அமெரிக்க இராணுவத்தின் அபர்டீன் வெடிகணைப் பரிசோதனைக் களத்தைச் சேர்ந்த கென்ட், பெலின்சன், ஹார்ட் ஆகியோருடன் ஜோன் வொன் நொய்மன் ஒரு கட்டுரை எழுதினார். ஆம், கணனியின் வரலாற்றில் வரும் அதே நொய்மன். அளந்துகொண்டிருக்கும்போதே இடை மெல்ல நகர்ந்துபோகும் சந்தர்ப்பங்கள் உண்டு, அப்போது வழக்கமான நியம விலகல் உண்மைக்கு மேலே போய்விடும் என்பது அவர்களுடைய கவலை. பீரங்கிக் களத்தில் காற்று மாறும் என்பதை நினைத்தால் கவலை புரியும். அவர்கள் சொன்ன வழி எளியது. ஒவ்வோர் எண்ணையும் மொத்த இடையோடு ஒப்பிடாதே, அதற்கு முன் வந்த எண்ணோடு ஒப்பிடு. அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையில் காற்று அதிகம் மாறியிருக்காது. ஆகவே அந்த வித்தியாசத்தில் இயல்பான ஆட்டம் மட்டுமே மிஞ்சும்.

அவர்கள் வித்தியாசத்தை வர்க்கித்தார்கள். பட்டறையில் கணக்குப் போடுகிறவருக்கு வர்க்கம் எதற்கு? கழித்து, குறியை விட்டுவிட்டால் போதும். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வருவது வீச்சு. இரண்டு எண்ணின் சராசரி வீச்சிலிருந்து நியம விலகலுக்குப் போகும் பாலத்தை, பருத்தித் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த டிப்பெட் 1925-லேயே அட்டவணையாகப் போட்டு வைத்திருந்தார். இரண்டு எண்ணுக்கு அந்த மாறிலி 1.128. மூன்றை 1.128 ஆல் வகுத்தால் 2.66. லண்டன் ஹெமர்ஸ்மித்தில் வானொலி வால்வு செய்த எம்-ஓ வால்வ் கம்பனியின் டபிள்யூ. ஜே. ஜெனெட் 1942-ல் இந்தத் துண்டுகளை ஒட்டினார் என்று, இந்த வரைபைப் பற்றி அதிகம் எழுதிய டொனால்ட் வீலர் பதிந்திருக்கிறார். ஒற்றை எண் வரைபும் அதன் துணையான நகரும் வீச்சு வரைபும் இப்படிப் பிறந்தன. ஷூஹார்டின் பெயர் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஜெனெட்டின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பட்டறையில் பிறந்தவற்றுக்கு இது புதிதல்ல.

போட்டுப் பார்த்துவிடுவோம். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. பத்து ஓட்டத்தின் ஈரம்: 3.1, 2.9, 3.3, 3.0, 3.2, 2.8, 3.1, 3.4, 3.0, 3.2. கூட்டினால் 31, இடை 3.1. அடுத்தடுத்த வித்தியாசங்கள்: 0.2, 0.4, 0.3, 0.2, 0.4, 0.3, 0.3, 0.4, 0.2. மொத்தம் 2.7; ஒன்பதால் வகுத்தால் 0.3. அதை 2.66 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 0.8. ஆகவே எல்லைகள் 3.9, 2.3. வித்தியாசங்களுக்குத் தனியே ஓர் எல்லை உண்டு: 3.267 ஐ 0.3 ஆல் பெருக்கு, 0.98 வரும். வேலை முடிந்தது. கல்குலேட்டர்கூட வேண்டாம்.

நாளைக்கு 3.6 வந்தால்? டீமேக்கர் பேசாமல் தேத்தண்ணி குடிக்கலாம். 4.2 வந்தால் விறகையும் விசிறியையும் தட்டையும் போய்ப் பார்க்க வேண்டும். அன்று டிரையர்காரர் சொல்லும் காரணத்துக்கு மதிப்பும் உண்டு.

முன்சொன்ன பொறியையும் இதே எண்களில் காட்டலாம். பத்தாவது ஓட்டத்துக்குப் பிறகு விசிறியின் பட்டி தளர்ந்து, அடுத்த பத்தும் அப்படியே 2 சதவீதம் கூடி வந்தன என்று வைத்துக்கொள்வோம்: 5.1, 4.9, 5.3 என்று. இருபதுக்கும் சேர்த்து இடை 4.1. வழக்கமான நியம விலகல் 1.04, எல்லைகள் 1.0 இலிருந்து 7.2 வரை. இருபதும் உள்ளே! தொழிற்சாலை பாதி நாள் ஈரத்தூள் கட்டியிருக்கிறது, கணக்கு ஒரு குறையும் காணவில்லை. பக்கத்து வித்தியாசத்தால் போட்டால் எல்லைகள் 3.1, 5.1. எட்டுப் புள்ளி வெளியே நிற்கும். பட்டி தளர்ந்த இடத்தில் 1.9 என்ற பாய்ச்சல் வீச்சு வரைபையும் உடைத்துக்கொண்டு போகும். பத்துப் பத்தாகக் கோட்டுக்கு ஒரு பக்கமாகவே கிடப்பது வேறு. எட்டுப் புள்ளி தொடர்ந்து ஒரே பக்கம் நின்றால் அதுவும் அடையாளம் என்று வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1956-ல் வெளியிட்ட கைநூல் விதி வகுத்தது.

வரிசையைக் குலைத்தால் இந்த வித்தை பலிக்காது. இதே இருபது எண்ணைச் சிறியது பெரியது என்று அடுக்கிவிட்டால் வித்தியாசங்கள் சுருங்கும், வரைபு பைத்தியமாகும். எண்ணோடு அது வந்த நேரமும் சேர்ந்ததுதான் தரவு.

இந்த இடத்தில் இலங்கைக்குப் புள்ளிவிபரவியல் வந்த வழிகளில் ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது தேயிலைச் செடி வழியாக வந்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்ட் பிஷர் பரிசோதனைகளை எப்படி அமைப்பது என்று வகுத்துக்கொண்டிருந்த காலத்தில் அவரோடு வேலை செய்தவர் டி. ஈடன், பயிர் வேறுபாடு பற்றிய கட்டுரைகளில் இருவரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். (பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரையா என்று சொல்ல முடியும் என்ற சீமாட்டியை எட்டுக் கோப்பையில் சோதித்த கதையும் ரோதம்ஸ்டெட்டில் நடந்ததுதான். அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.) ஈடன் அங்கிருந்து இலங்கையின் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். தேயிலையில் செய்யும் வயற்பரிசோதனைகளின் பிழை பற்றி 1931-ல் அவர் எழுதிய கட்டுரை, ஷூஹார்டின் புத்தகம் வந்த அதே ஆண்டில் வெளியானது.

இரண்டு பேரும் ஒரே எதிரியோடுதான் மோதினார்கள். பசளை போட்டதால் கொழுந்து கூடியதா, அந்தத் துண்டு நிலம் இயல்பாகவே கொஞ்சம் நல்லதா? இன்றைய ஈரம் கோளாறா, வழக்கமான ஆட்டமா? ஆனால் பிஷர் வழி வந்தவர்கள் காலத்தையும் இடத்தையும் சீட்டுக் குலுக்கிக் கலைத்துவிடுவார்கள். அது பரிசோதனைக்கு வேண்டியது. தொழிற்சாலையைக் கலைத்துப்போட முடியாது. திங்கள் வந்த பிறகுதான் செவ்வாய் வரும், அந்த வரிசையிலேயேதான் உண்மை இருக்கிறது. மலையகத்தில் முதல் வழி செடிப்பக்கம் நன்றாக வேர்விட்டது. இரண்டாவதான ஷூஹார்டின் வழிக்குத்தான் டிரையர் பக்கத்தில் நிறைய வேலை இருந்தது, இருக்கிறது.

இந்தியாவில் இரண்டாவதற்கு வாசல் திறந்தவர் மஹலனோபிஸ். 1931-ல் தான் தொடங்கிய கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு ஷூஹார்டையே 1947-48 இல் அழைத்து வந்தார். 1950களில் அந்தக் கழகம் பம்பாய், பெங்களூர், கல்கத்தா போன்ற நகரங்களில் ஆலைகளுக்குப் போய்த் தரக் கட்டுப்பாடு கற்றுக்கொடுக்கும் பிரிவுகளைத் திறந்தது.

எண்ணைப் பார்த்து ஆளைத் திட்டும் பழக்கம் மலைநாட்டில் தொழிற்சாலைக்குள் மட்டும் இல்லை. மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் நாளொன்றுக்கு ஓர் எண்தான்: நிறுவையில் விழும் கிலோ. தோட்டம் ஒரு நோர்ம் வைக்கும். 16, 18 என்று தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். அதற்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாட்கூலி, என்பது பழைய வழக்கம். நோர்ம் என்பது நிர்வாகம் விரும்பும் எண். வரைபின் எல்லையோ அந்த வேலை தானாகவே எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் எண். ஒருவருடைய சராசரி 18 கிலோ, நாளுக்கு நாள் வித்தியாசத்தின் சராசரி 1.5 கிலோ என்று வைத்துக்கொண்டால், எல்லைகள் 14, 22. அதாவது அந்தப் பெண்ணின் கையில் எந்த மாற்றமும் இல்லாமலே ஏறத்தாழ பாதி நாள் 18-க்குக் கீழே விழும். சரிவு, மழை, செடியின் வயது, கவ்வாத்து வெட்டி எத்தனை மாதம் என்பதெல்லாம் அந்த ஆட்டத்துக்குள் அடக்கம். 16-ல் நின்ற நாளில் பேரைப் பாதியாக்குவது, ஷூஹார்டின் கணக்கில், கிண்ணத்திலிருந்து சின்ன எண் வந்ததற்கு எடுத்த கையைத் தண்டிப்பது. தொழிற்சங்கங்கள் இந்த வரைபைக் கையில் எடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தொடங்க விரும்புகிறவருக்குச் சில சொல்ல வேண்டும். பத்து எண்ணில் கணக்குக் காட்டினேன். உண்மையில் இருபதாவது இருந்தால் எல்லை நம்பகமாகும். இரண்டு டிரையர் இருந்தால் இரண்டு வரைபு. ஒன்றாகக் கலந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும் வித்தியாசம் எல்லையை அகட்டிவிடும். அளவியின் படி பெரிதாக இருக்கக் கூடாது. ஈரத்தை 3, 4 என்று முழு எண்ணில் மட்டும் எழுதினால் பாதி வித்தியாசம் பூச்சியமாகி எல்லை பொருளிழக்கும். ஒருமுறை போட்ட எல்லையை வாராவாரம் மாற்றக் கூடாது. புது டிரையர் வந்தது, விறகு மாறியது என்று காரணம் தெரிந்த பிறகே மாற்ற வேண்டும்.

எனக்கு உண்மையில் கடினமாகத் தெரிவது மழைதான். அடுத்தடுத்த நாள்கள் ஒன்றையொன்று சாராதவை என்று நினைத்துத்தான் 2.66 போடுகிறோம். மலையில் மழை பிடித்தால் விடாது. இன்று நனைந்த கொழுந்து வந்தால் நாளையும் நனைந்ததே வரும், தூள் விகிதம் நாள்கணக்கில் சேர்ந்தே இறங்கும். பக்கத்து நாள்கள் ஒட்டிக்கொண்டு போவதால் வித்தியாசங்கள் சிறுக்கும், எல்லை நெருங்கும், மழைக்காலம் முழுவதும் வரைபு கூச்சலிடும். கண்டிப் பக்கத்துக்கு இரண்டு பருவமழையும் எட்டும் என்பதால் ஆண்டில் இருமுறை இந்தத் தொல்லை. சிலர் மழைக்காலத்துக்குத் தனி எல்லை போடுவார்கள். நானாக இருந்தால் அதற்கு முன் கொழுந்தோடு வரும் மேல்நீரை நிறுவையிலேயே சரியாகக் கழிக்கிறார்களா என்று பார்ப்பேன். அங்கே கண்மதிப்பில் கழித்தால், வரைபு தொழிற்சாலையைக் காட்டாது, கழிக்கிறவரின் அன்றைய மனநிலையைத்தான் காட்டும். கழித்த கிலோவையும் வரைபுத் தாளின் ஓரத்தில், திகதிக்குப் பக்கத்தில், எழுத ஒரு நிரல் விட்டு வைக்க வேண்டும்.